இசக்கியின் கை என்னாச்சு?

போன மாசம் பூராவும் வீட்டில்தான் கிடந்தேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேசன். குனியக் கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நாற்பது வருசம் குனிந்தே நாற்று நட்டு வயிறு கழுவிய பொம்பளையிடம் குனியாதே என்றால் கேட்கவா செய்யும்? பக்கத்தில் ஒரு ஆள் காவல் இருக்க வேண்டியிருந்தது. கூட்டம், ஆர்ப்பாட்டம், துண்டறிக்கை எல்லாவற்றுக்கும் தோழர்களிடம் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு உட்கார்ந்துவிட்டேன். கட்டுப் பிரித்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏதாச்சும் படம் போடுப்பா. புதுக் கண்ணுல பாப்போம்."

அப்படிப் பார்த்த படங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இது சினிமா விமர்சனம் இல்லை. சட்டகம், படத்தொகுப்பு, ஒளி என்று எழுத நிறைய அறிவுஜீவிகள் இருக்கிறார்கள். எழுதட்டும். காலனி வீட்டில், பத்துக்குப் பத்து அறையில், ஒரு கூலிக்காரக் கிழவியும், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகனும், இயக்கக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற நானும் பார்த்தால் அந்தப் படம் என்னவாகத் தெரிகிறது என்பதுதான் என் கவலை. வீட்டில் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. தியேட்டரில் படத்தை நிறுத்த முடியாது. வீட்டில் நிறுத்தலாம், கேள்வி கேட்கலாம், திட்டலாம். இன்னொரு வசதி, வாசலில் நின்று நம் மூஞ்சியைப் பார்த்து உள்ளே விட யாரும் யோசிக்க மாட்டான். சென்னையில் ஒரு தியேட்டரில், டிக்கெட் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடாமல் நிறுத்தினார்களே, அது 2023 மார்ச்சில். ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

1

முதலில் டிவியில் ஓடியது 'தேவர் மகன்'. பண்டிகைக்குப் பண்டிகை எவனாவது ஒருத்தன் போட்டுவிடுகிறான். 1992 தீபாவளிக்கு வந்த படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம்.

ஒரு உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இந்தப் படத்தை முதன்முதலில் நான் பார்த்தது 1993-இல், எங்கள் காலனியில். வாடகைக்கு டெக்கும் டிவியும் எடுத்து, தலைக்கு இத்தனை என்று காசு பிரித்து, ஒரே ராத்திரியில் மூன்று படம் போடுவோம். சிவாஜி வந்து நின்றபோது நான் விசில் அடித்தேன். கமல் மீசை வைத்து வேட்டியில் வந்தபோது காலனியே விசில் அடித்தது. விடிந்து எழுந்து அதே ஊர்த்தெரு வழியாகப் போகும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம். ராத்திரி அடித்த விசிலுக்கும் காலையில் இறங்கிய சைக்கிளுக்கும் நடுவில் இருக்கும் சம்பந்தம் அன்றைக்குப் புரியவில்லை. ஆதிக்கம் என்பது அரிவாளோடு மட்டும் வருவதில்லை. பாட்டோடும் வரும், கண்ணீரோடும் வரும், நம்மையே விசிலடிக்க வைத்துக்கொண்டும் வரும்.

அந்தப் படத்தில் இசக்கி என்று ஒரு ஆள் உண்டு. வடிவேலு நடித்தது. பெரிய வீட்டில் எடுபிடி. லண்டனில் படித்துவிட்டு வந்த சின்ன எசமான், பூட்டிக் கிடக்கும் கோயிலைக் கூட வந்த பெண்ணுக்குக் காட்ட ஆசைப்படுகிறார். பூட்டை உடைக்கிறவன் இசக்கி. எதிராளி வந்து வெட்டுவது உடைக்கச் சொன்னவர் கையை இல்லை, இசக்கியின் கையை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, மிச்சம் இருக்கிற ஒரு கையை வைத்து அவன் ஒரு நகைச்சுவை சொல்கிறான். எசமான் கண் கலங்குகிறார். நாமும் எசமானுக்காகக் கலங்குகிறோம். கை போனது ஒருத்தனுக்கு, துக்கம் இன்னொருத்தனுக்கு. இதுதான் இந்தப் பிரதியின் அரசியல்.

இது வன்முறைக்கு எதிரான படம் என்று முற்போக்கு நண்பர்கள் முப்பது வருசமாகச் சொல்லி வருகிறார்கள். கடைசியில் நாயகன் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி அழுகிறாரே என்பார்கள். இருக்கட்டும். பெரிய வீட்டுப் பிள்ளை வன்முறைக்குள் இழுக்கப்பட்டால் அது காவியத் துயரம். அவனுக்காக வெட்டுப்பட்டவன் துணைப் பாத்திரம். படம் இசக்கியின் சாதியைச் சொல்லவில்லை. அவன் வீட்டுக்குள் கேமரா நுழையவில்லை. ஊர்த்தெருவில் நின்றுகொண்டு இரண்டு பெரிய வீடுகளையும் மாறி மாறிப் பார்த்தால் போதும், ஊர் முழுவதையும் பார்த்தாயிற்று என்று அது நினைக்கிறது.

அம்மா படம் முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும் கேட்டாள்: "ஏப்பா, அந்தப் பயலுக்குக் கை போச்சே. அப்பறம் அவன் வீட்டுல யாரு கஞ்சி ஊத்துனா?"

முப்பது வருசத்தில் எத்தனையோ திரைப்பட ஆய்வுக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எந்தப் படம் போட்டாலும் இந்தக் கேள்வியைத்தான் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

2

அடுத்து அம்மா கேட்டுப் போட்டது 'நந்தனார்'. ஜெமினி எடுத்து 1942-இல் வந்தது, தண்டபாணி தேசிகர் நடித்தது. சின்ன வயசில் டூரிங் கொட்டகையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்தாளாம். இப்போது யூடியூபில் கிடைக்கிறது.

கதை தெரிந்ததுதான். சிதம்பரம் போக ஆசைப்படும் பண்ணையாள் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கு மேல். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கர் தாண்டும். சிவன் அருளால் ஒரே ராத்திரியில் வயல் விளைந்து நிற்கிறது. அம்மா சிரித்துவிட்டாள். "சாமி நட்டுச்சாமா? ஒரு குழி நட்டுப் பாக்கட்டும், இடுப்பு என்னாகும்னு தெரியும்."

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த வேதியரும் இல்லை, நாற்பது வேலியும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய கீர்த்தனையில்தான் பண்ணையார் வருகிறார். பக்தி என்று நினைத்துக் கேட்கிறோம். ஆனால் இங்கே நடப்பது உழைப்புத் திருட்டு. தஞ்சாவூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பள்ளரும் பறையரும் கையால் செய்த வேலையை, ஒரு ராத்திரியில் கடவுள் செய்ததாக எழுதிக்கொண்டால் யாருக்கும் கூலி பாக்கி இல்லை. இசக்கிக்குக் கையை வெட்டினார்கள். நந்தனுக்குக் கை செய்த வேலையையே வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் தீயில் குளித்துத்தான் உள்ளே வர வேண்டும் என்று வேறு. உடம்பு எரிந்த பிறகு வருகிற சமத்துவம் யாருக்கு வேண்டும்?

1948-இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலை அம்பேத்கர் மூன்று பேர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ரவிதாஸ், சொக்கமேளா, அப்புறம் நம் நந்தனார். பம்பாயில் பிறந்து வளர்ந்த இயக்கம் ஒன்றின் தலைவர் நம் ஊர்ப் பண்ணையாளைத் தேடி எடுத்து மரியாதை செய்கிறார். நாமோ நந்தனைச் சங்கீத சபாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

3

மூன்றாவது 'ஜெய் பீம்'. 2021 நவம்பரில் நேரே ஓடிடியில் வந்த படம். அதனால் இதை எல்லோருமே வீட்டில்தான் பார்த்தோம்.

முதல் காட்சியே சுளீர் என்று அடிக்கிறது. சிறை வாசலில் வெளியே வருகிறவர்களிடம் சாதி கேட்டு, ஒரு வரிசையை வீட்டுக்கும் இன்னொரு வரிசையைப் பொய் வழக்குக்கும் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். எங்கள் காலனியில் ராத்திரி ஜீப் சத்தம் கேட்டால் ஆம்பளைகள் கரும்புக் காட்டுக்குள் ஓடின காலம் அவளுக்குத் தெரியும்.

இன்றைய கடலூர் மாவட்டத்து முதனையில் 1993-இல் நடந்தது இது. ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் குறவர். படம் அவரை இருளராக்கிவிட்டது. ஏன் என்று குறவர் மக்கள் கேட்டதற்கு நம்மில் பலர், "ரெண்டும் ஒடுக்கப்பட்டதுதானே, விடுங்க" என்று பதில் சொன்னோம். நம் சாதிப் பெயரை மாற்றி எவனாவது படம் எடுத்தால் விட்டிருப்போமா? அடையாளம் பேசுகிற நாம், நமக்குக் கீழே தள்ளப்பட்டவர்கள் அடையாளம் பேசும்போது மட்டும் பெருந்தன்மையைப் போதிக்கிறோம்.

அந்த வழக்கு எப்படி ஜெயித்தது? புருசனைப் பறிகொடுத்த ஒரு பெண் விடாமல் நின்றார். மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். சந்துரு என்ற வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு வாதாடினார். மூன்று கை சேர்ந்து இழுத்த தேர் அது. படத்தில் ஒரு கை மட்டும் பெரிசாகிவிடுகிறது. சந்துரு பெரிய ஆள்தான், அதில் சந்தேகமில்லை. சூர்யா நடித்ததால்தான் படம் ஊர் பூராப் போய்ச் சேர்ந்தது, அதுவும் உண்மை. ஆனாலும் அம்மா மனசில் நின்றது கோர்ட் காட்சி இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு செங்கேணி ஜீப்பில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடக்கிறாளே, போலீஸ் ஜீப் பின்னாலேயே ஊர்ந்து வருகிறதே, அது. "இவதாம்ப்பா படம்" என்றாள். நான் அதற்கு மேல் விமர்சனம் எழுதத் தேவையில்லை.

4

'மாமன்னன்' படத்தை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். 2023 ஜூன் கடைசியில் தியேட்டருக்கு வந்தது. ஜூலை 27-இல் ஓடிடிக்கு வந்தது. அதன் இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னாலேயே, இந்தப் படம் பிறக்கத் 'தேவர் மக'னும் ஒரு காரணம், அந்த இசக்கிதான் என் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் சொன்னார். தமிழ்ச் சினிமாவில் ஒருத்தன் இப்படி நின்று கேட்க முப்பத்தொரு வருசம் ஆகியிருக்கிறது. அதற்காக அந்தத் தோழனுக்கு ஒரு ஜெய் பீம்.

அதே வடிவேலு. இப்போது தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஆனாலும் கட்சிக்காரப் பெரிய வீட்டில் நாற்காலி கிடையாது, நின்றுகொண்டுதான் பேச வேண்டும். இதைக் கற்பனை என்று எவனாவது சொன்னால் அவனை மேலவளவுக்கு அனுப்பிவையுங்கள். தனி ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தனி ஊராட்சிக்குத் தேர்தலையே நடத்த விடாமல் பத்து வருசம் இழுத்தார்கள், 2006 வரை. நாற்காலி என்பது நமக்கு மரச்சாமான் இல்லை. மகன் அப்பனை உட்கார் என்று சொல்லும் அந்த ஒரு காட்சிக்காக இந்தப் படத்தை எத்தனை தடவையும் பார்க்கலாம்.

கடைசியில் மாமன்னன் சபாநாயகர் ஆகிறார். இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. சபாநாயகர் நாற்காலி நமக்குப் புதுசு இல்லை. சென்னை மாகாணச் சட்டசபையில் 1946-லேயே ஜெ. சிவசண்முகம் பிள்ளை அதில் உட்கார்ந்துவிட்டார். 2012 முதல் 2021 வரை தனபால் உட்கார்ந்திருந்தார். சபையே எழுந்து வணக்கம் சொன்னது. அந்த ஒன்பது வருசமும் காலனிச் சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். உச்சியில் ஒருத்தரை உட்கார வைத்துவிட்டுக் கீழே எல்லாவற்றையும் அப்படியே வைத்திருப்பது இந்த நாட்டுக்குக் கைவந்த கலை. ஆளும் கட்சி அமைச்சர் ஒருவரே நாயகனாக நடித்த படத்தில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்றும் தோன்றுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

படம் ஓடிடிக்கு வந்த கையோடு என்ன நடந்தது? ரத்னவேலுவாக நடித்த ஃபகத் பாசில் வருகிற காட்சிகளை மட்டும் கத்தரித்து, சாதிப் பாட்டைச் சேர்த்து, ஆதிக்க சாதிப் பையன்கள் போன் போனாகப் பரப்பினார்கள். தன் நாயையே அடித்துக் கொல்கிற ஒருவன் அவர்களுக்கு வீரன் ஆகிவிட்டான். நாம் அதைச் சிரித்துக் கடந்தோம். முட்டாப் பசங்க, வில்லனைக் கொண்டாடுறாங்க என்று எழுதிவிட்டுப் போனோம்.

எங்கள் வீட்டில் படம் முடிந்ததும் அக்கா மகன் போனை எடுத்தான். எட்டிப் பார்த்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே ரத்னவேலு, அதே வெட்டு, அதே பாட்டு. எனக்கு ரத்தம் கொதித்தது.

"என்னடா எழவு இது?"

"நல்லா நடிச்சிருக்காரு மாமா. அவ்ளோதான்."

கத்தினேன். அம்பேத்கர் படம் மாட்டிய வீட்டில் இதுவா என்றேன். உன் தாத்தன் பட்ட பாடு தெரியுமா என்றேன். மேடையில் பேசுகிற எல்லாவற்றையும் பேசினேன். அவன் தலையைக் குனிந்தபடி இருந்தான். அம்மாதான் அதட்டினாள்: "மொதல்ல அவன் என்ன சொல்ல வாரான்னு கேளு."

அவன் மெதுவாகச் சொன்னான். "பஸ்ல அவங்க போன வாங்கிப் பாப்பாங்க மாமா. இது இருந்தா ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

தோழர்களே, நான் முப்பது வருசமாக இயக்கத்தில் இருக்கிறேன். இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ் பயணத்தில் என் அக்கா மகன் பாதுகாப்புக் கேட்டு என்னிடம் வரவில்லை. ரத்னவேலுவிடம் போயிருக்கிறான்.

5

அவன் பயத்தை மிகை என்று சொல்ல என்னால் முடியவில்லை. 'மாமன்னன்' ஓடிடிக்கு வந்த பதின்மூன்றாம் நாள், 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி, நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் நம் பையன் ஒருவனை அவனோடு படிக்கும் பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளிக்கூடத்தில் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று புகார் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். படத்தால் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. படம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த அரிவாள் அங்கே இருந்தது. ஆனால் 'அசுரன்' வரை எல்லாப் படத்திலும் கடைசியில் 'படி, படி' என்று சொல்கிறார்களே, அந்தப் படிப்பு நடக்கிற இடத்துக்கே அரிவாள் வந்துவிட்டது. அதற்கு என்ன பதில்?

நாங்குநேரிக்குப் பிறகு அரசு ஒருநபர் குழு போட்டது. அந்த ஒருநபர் யார் தெரியுமா? 'ஜெய் பீம்' சந்துருதான், ஓய்வுபெற்ற நீதிபதி. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். மணிக்கட்டில் சாதிக் கலர் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வரக் கூடாது என்று அதில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பெயரில் இருக்கும் சாதியை எடுக்கச் சொல்கிறது. படத்துச் சந்துருவைப் பார்த்துக் கைதட்டியவர்களில் நிஜச் சந்துருவின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நம் மாணவர் கூட்டத்தில் எத்தனை பேர்? அதை எடுத்துக்கொண்டு ஒரு பள்ளித் தலைமையாசிரியரிடமாவது போய் உட்கார்ந்தோமா? நான் போகவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் 2025 மார்ச். தூத்துக்குடி மாவட்டத்தில் பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புப் பையனைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடியில் அவன் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஏழு மாசம் கழித்து அக்டோபரில் அதே மாவட்டத்து மணத்தி கணேசன் வாழ்க்கையிலிருந்து எடுத்த 'பைசன்' வந்தது. கபடி ஆடி, 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் இருந்து, அர்ஜுனா விருதும் பெற்றவர் அவர். போன வாரம் அதையும் வீட்டில் போட்டோம். ஊர்ச் சண்டையையும் அரிவாளையும் தாண்டி ஒருத்தன் ஓடித் தப்பித்து நாட்டுக்காக ஆடுகிறான். நல்ல படம். என் அக்கா மகன் எழுந்து நின்று பார்த்தான். ஆனால் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தன. 1994-இல் ஒருத்தர் கபடியில் ஜெயித்து அர்ஜுனா விருது வாங்கலாம். 2025-இல் இன்னொருத்தன் கபடியில் ஜெயித்து விரல் இழக்கலாம். இரண்டும் ஒரே மாவட்டம். ஒன்று படமாகிவிட்டது. இன்னொன்று வழக்காகிவிட்டது. இசக்கியின் கையை வெட்டுவது 1992-இல் முடிந்துபோன காட்சி இல்லை.

இதை ஒரு தோழரிடம் போனில் சொன்னேன். அவர் கோபப்பட்டார். "நம்ம ஆளுங்க இப்பத்தான் எடுக்கவே ஆரம்பிச்சிருக்காங்க. அதுக்குள்ள நீங்களே குத்தம் சொன்னா எதிரி சந்தோசப்படுவான்." இந்த வாதத்தை இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறேன். கலையைக் கலையாகப் பார் என்று அவர்கள் வாயை அடைத்தார்கள். நம்ம படத்தைக் குறை சொல்லாதே என்று நாமே நம் வாயை அடைத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

என் குற்றச்சாட்டு மாரி செல்வராஜ் மேலேயோ ரஞ்சித் மேலேயோ இல்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். 'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தபோது, கடைசியில் அந்த இரண்டு டீ கிளாசும் நடுவில் ஒரு பூவும் திரையில் நின்றபோது, தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகந்தெரியாத ஆள் அழுதுகொண்டிருந்தார். அதை எந்தத் துண்டறிக்கையும் செய்யாது. குற்றச்சாட்டு நம் மேல்தான். படம் பேசட்டும் என்று நாம் பேசுவதை நிறுத்திவிட்டோம். படம் ஜெயித்தால் நாம் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டோம். தொண்ணூறுகளில் காலனிக்குக் காலனி இரவுப் பாடசாலை நடத்தினோம். பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். பஸ்ஸில் ஒரு பையனை அடித்தால் மறுநாள் பத்துப் பேர் அதே பஸ்ஸில் ஏறினோம். இப்போது போஸ்டரைப் பகிர்கிறோம், முதல் நாள் முதல் காட்சி டிக்கெட்டைப் பகிர்கிறோம். அவர்கள் பக்கம் எந்தப் பிம்பம் கிடைத்தாலும் கத்தரித்துத் தன் பையன்கள் கையில் கொடுக்கச் சாதிச் சங்கம் தயாராக இருக்கிறது. நம் பக்கம் பரியன் இருக்கிறான், செங்கேணி இருக்கிறாள், மாமன்னன் இருக்கிறார். அவர்களை அந்தப் பஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது அம்மாவின் குற்றச்சாட்டு. "எல்லாப் படத்துலயும் அப்பனும் மகனுமே பேசிக்கிறாங்க. ஆத்தாக்காரிய அழ விட்டுர்றாங்க." செங்கேணியைத் தவிர, நான் மேலே எழுதிய நம் படங்களை எண்ணிப் பாருங்கள். நடவு நட்ட கை எங்கே? நம் கூட்ட மேடைகளையும் அப்படியே எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

6

கடைசியாக ஒரு மராத்திப் படம். நாகராஜ் மஞ்சுளே எடுத்த 'ஃபன்ட்ரி', 2013. அக்கா மகன் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துப் படித்து ஆத்தாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பன்றி பிடிக்கும் வீட்டுப் பையன் ஜப்யா. பள்ளிக்கூடம் போகிறான், ஒரு பெண்ணை ஆசையாகப் பார்க்கிறான், நல்ல சட்டைக்கு ஏங்குகிறான். ஊரே வேடிக்கை பார்க்க, கூடப் படிக்கும் பசங்க கைகொட்டிச் சிரிக்க, அவன் குடும்பத்தோடு பன்றி பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. நடுவில் பள்ளியில் தேசிய கீதம் கேட்கிறது. அத்தனை பேரும் அப்படியே நிற்கிறார்கள். பன்றி மட்டும் போகிறது. பிடித்த பன்றியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும்போது பின்னால் சுவரில் அம்பேத்கர் இருக்கிறார், சாவித்ரிபாய் இருக்கிறார்.

முடிவில் ஜப்யா கையில் கல். கேலி செய்தவனைப் பார்த்து எறிகிறான். அது நேரே கேமராவை நோக்கி வருகிறது. திரை கறுக்கிறது.

அறையில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்: "மாமா, அந்தக் கல்லு நம்மளப் பாத்துல்ல வந்துச்சு?"

ஆமா. நம்மைப் பார்த்துத்தான் வந்தது. 1993-இல் விசிலடித்த என்னைப் பார்த்து வந்தது. படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குக் காத்திருக்கிற எல்லாரையும் பார்த்து வந்தது.

ஸ்டேட்டஸை எடு என்று அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதலில் அந்தப் பஸ்ஸில் நான் ஏற வேண்டும். இந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து காலையில் அவனோடு ஏறுகிறேன். காலனியில் இன்னும் நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சண்டைக்கு இல்லை. நாங்களும் இருக்கிறோம் என்று தெரிவதற்கு. பள்ளித் தலைமையாசிரியரிடம் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு போக நாள் கேட்டிருக்கிறோம்.

வருகிற மாசம் முதல் ஞாயிறு ராத்திரியிலிருந்து பழைய இரவுப் பாடசாலைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போடப்போகிறோம். முதல் படம் 'தேவர் மகன்'. நம்ம படங்கள் அப்புறம் வரும். முதலில் அதைத்தான் போட வேண்டும். நடுவில் நிறுத்துவோம். ஆஸ்பத்திரிக் காட்சியில் நிறுத்தி, எங்க அம்மாவைப் பேசச் சொல்லப்போகிறேன். மாணவத் தோழர்கள் வாங்க. நாற்காலி கிடையாது, எல்லாருக்கும் தரைதான். கைதட்ட வர வேண்டாம். இசக்கி வீட்டில் யாரு கஞ்சி ஊத்துனா என்ற கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டு வாங்க.